கீழ் முனையை எனக்குக் கொடுங்கள்

எங்கள் கம்பெனியில் இரண்டே ரகம். சுற்றுகிறவர்கள் ஒரு ரகம், தூக்குகிறவர்கள் ஒரு ரகம். வீடு மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். கண்ணாடி டம்ளரைக் காகிதத்தில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதி வைப்பதோடு என் வேலை முடிந்தது. அப்புறம் ஆண்பிள்ளைகள் வந்து தூக்கிக்கொண்டு போய் லாரியில் ஏற்றுவார்கள். லாரி போய்விடும். நான் காலி வீட்டில் நின்றுகொண்டு தரையில் கிடக்கும் காகிதத் துண்டுகளைப் பொறுக்குவேன். இருபது வருஷமாக இதே கதை. நான் சுற்றிய சாமான் போய்ச் சேர்ந்த வீடு எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

கம்பெனி என் அண்ணனுடையது. தூக்குகிறவர்களில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். அவரை எல்லோரும் 'பீரோ' என்றுதான் கூப்பிடுவார்கள். உருவமும் அப்படி, வாயும் அப்படி. சாவி போட்டால்தான் திறக்கும். என்னோடு சேர்ந்து சுற்றுகிறவள் அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார். பெட்டிக்குள் இடைவெளி இருந்தால் சாமான் ஆடும், ஆடினால் உடையும், அதனால் இடைவெளியே விடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அவள் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டாள். அவள் ஊருக்குக் கட்டிய பையைத் திறந்தால் செருப்புக்குள் சோப்பு டப்பா இருக்கும், சோப்பு டப்பாவுக்குள் ஊசியும் நூலும் இருக்கும். பெட்டியில் ஒரு விரல் இடம் காலி என்றால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

கனமான சாமானை ஒற்றை ஆள் தூக்க முடியாது. ஜோடி வேண்டும். ஜோடி என்றால் இரண்டு பேரும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் இடுப்பு போய்விடும். என் வீட்டுக்காரரோடு இத்தனை காலம் ஜோடி போட்டவர், மகள் ஊருக்கே குடிபோகிறேன், இன்னும் நாலு மாதம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டார். அண்ணன் புது ஆள் தேட ஆரம்பித்தார். நான் ஆபீஸ் அறைக்குள் போய், வெளியே எதற்குத் தேடுகிறீர்கள், நான் வருகிறேன் என்றேன். அவர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது கம்பெனிக்கே தெரியும். மேஜைமேல் இருந்த டேப் உருளையை எடுத்து ஜன்னல் பக்கம் வீசினேன். ஜன்னல் திறந்திருந்தது, நல்ல வேளை. அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமாதானமாகப் பேச வந்தார்.

"பாப்பா, கோவிச்சுக்காத. ஒரு வாஷிங் மிஷின். ஒரு முனையில மாப்ள, இன்னொரு முனையில நீ. மூணாவது மாடிக்கு ஏத்திக் காட்டு. படிக்கட்டு திரும்புற இடத்துல வேணா மூச்சு வாங்கிக்கோ. நடுப்படியில மட்டும் கீழ வைக்கக் கூடாது."

"ஏத்திட்டா?"

"நீதான் ஜோடி. ஏத்தலன்னா இந்தப் பேச்சை என் உசிரு உள்ளவரைக்கும் எடுக்கக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்த பிறகுதான் யோசித்தேன். எனக்கு நாற்பத்தைந்து வயது. சின்ன மேஜைகூட எனக்காக யாராவதுதான் நகர்த்துவார்கள். ஆனால் அந்த லாரியில் ஏறி, அந்தப் பக்கம் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது சரி என்று சொன்ன அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது.

ஆத்திரக்காரி செய்கிற காரியத்தைத்தான் முதலில் செய்தேன். அன்றைக்குச் சாயங்காலமே கிடங்குக்குப் போய், இருந்ததிலேயே பெரிய பெட்டியைக் கட்டிப்பிடித்து ஒரே தம்மில் தூக்கினேன். பெட்டி வந்தது. கூடவே இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டும் வந்தது. அப்புறம் சில நாள் மல்லாந்து படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றி வைத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லை.

எழுந்து வேலைக்குப் போன முதல் வாரமே ஒரு ஜிம்மை இடம் மாற்றும் வேலை வந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் சுற்றிக்கொண்டிருந்ததை அந்த ஜிம்மை நடத்துகிற பெண் பார்த்துவிட்டாள். முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லி உடம்பு. ஆனால் எங்கள் ஆட்கள் இரண்டு பேராக எடுத்த இரும்புத் தட்டுகளை அவள் ஒருத்தியே கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போனாள். இடுப்பில் என்ன என்று கேட்டாள். எனக்கு யாரிடமாவது கொட்ட வேண்டும் போல இருந்தது, ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்குக் கோச்சம்மா என்று பேர் வைத்தேன்.

கோச்சம்மா சொன்ன வித்தை ரொம்பச் சாதாரணமாக இருந்தது, அதனால் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு எது சுலபமாக முடியுமோ அதில் தொடங்க வேண்டுமாம். ஒரு நாள் தூக்கினால் மறுநாள் ஓய்வு. ஒவ்வொரு தடவையும், இன்னும் இரண்டு முறை தூக்கத் தெம்பு இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு துளி கூட்ட வேண்டும், ஒரே ஒரு துளி. மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் முட்டை, பருப்பு, தூக்கம். குழந்தைக்குச் சங்கில் மருந்து ஊற்றுகிற மாதிரி இருக்கிறதே, எனக்கு நாலு மாதம்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

"அக்கா, அவசரப்பட்டு ஒரு தடவை பாத்தாச்சுல்ல. படுத்த படுக்கையா கிடந்த நாள்ல எத்தனை துளி போச்சு, சொல்லுங்க."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சரி, சொல்லிக் கொடு என்றேன். பெட்டியைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்வது, முதுகை வளைக்காமல் பின்பக்கம் தள்ளி உட்கார்வது, வயிறு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காலால் தரையை அழுத்துவது, எல்லாவற்றையும் அந்தக் காலி ஜிம்மில் ஒரு துடைப்பக் கட்டையை வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பரும் கொடுத்தாள்.

கிடங்கு மூலையில் ஒரு வக்கீல் வேண்டாம் என்று எங்களிடமே விட்டுப்போன சட்டப் புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் செங்கல் கனம். பெரிய பெட்டி ஒன்றில் கொஞ்சம் புத்தகத்தை அடுக்கினேன். ஆடாமல் இருக்க நடுவிலும் மேலேயும் கசக்கிய காகிதத்தைத் திணித்தேன். அதுதான் என் ஜிம். தரையிலிருந்து தூக்குவேன், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவேன், கிடங்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பேன். இன்னும் இரண்டு தடவை முடியும் என்று தோன்றும்போது வைத்துவிடுவேன். அப்படி வைப்பதுதான் எனக்கு இருப்பதிலேயே கஷ்டமான பயிற்சி. வாரம் பிறந்தால் மேலே இருக்கும் காகிதத்தை விலக்கி ஒரு புத்தகத்தைச் செருகுவேன். ஒன்றே ஒன்று.

என் வீட்டுக்காரர் சுருட்டி வைத்த கம்பளத்தின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பார்ப்பார். ஜோடியோடு தூக்கும்போது அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற வழக்கம் கிடையாது. "ம்" என்பார், அவ்வளவுதான், சாமான் எழுந்துவிடும். நான் பெட்டியைப் பிடித்துத் தயாரானதும் கம்பளத்தின்மேல் இருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். நான் தூக்குவேன். யாரும் யாரையும் கேட்கவில்லை, அது பாட்டுக்குப் பழகிவிட்டது.

இரண்டு மாதம் போனதே தெரியவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடி நான் தொட்டதும் திறந்தது. பஸ் படி தணிந்துவிட்ட மாதிரி இருந்தது. அரிசி மூட்டையைக் கடைப்பையன் வரும்வரை காத்திருக்காமல் நானே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தேன், வைத்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன். நாத்தனார் என் கையைக் கிள்ளிப் பார்த்து, "அண்ணி, இது கையா, உருட்டுக்கட்டையா" என்றாள். எனக்கு வாயெல்லாம் பல். குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்த்துக்கொள்கிற பழக்கமும் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு காய்ச்சல். ஒரு வாரம் படுத்துவிட்டேன். திரும்பக் கிடங்குக்கு வந்து, பழைய பெட்டியைப் பிடித்து, "ம்" கேட்டுத் தூக்கினால் அது தரையை விட்டு வரமாட்டேன் என்கிறது. முக்கி முனகி இரண்டு தடவை எடுத்தேன். காய்ச்சலுக்கு முன்னால் எட்டுத் தடவை அலுங்காமல் எடுத்த அதே பெட்டி. கோச்சம்மாவைக் கூப்பிட்டேன். காய்ச்சல் உடம்பு அப்படித்தான், பாதிப் புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப ஏறி வாருங்கள் என்றாள். பாதியா. ஒவ்வொன்றாகச் சேர்த்ததை ஒரே நாளில் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. சரி சரி என்று தலையாட்டிவிட்டு, ஒன்றையும் எடுக்காமல், ஒன்றையும் கூட்டாமல் அப்படியே தூக்கிக்கொண்டிருந்தேன்.

வாரங்கள் போயின. இரண்டு தடவை மூன்றாயிற்று, நாலாயிற்று, ஐந்தில் வந்து நின்றுவிட்டது. எட்டு எங்கே, ஐந்து எங்கே. வயதாகிவிட்டது, அவ்வளவுதான், உடம்பு தன் கணக்கை முடித்துவிட்டது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த நாட்களில் யார் எதிரே வந்தாலும் எரிந்து விழுந்தேன். நாத்தனார் பாவம், டேப் எங்கே அண்ணி என்று கேட்டதற்குக்கூட வாங்கிக் கட்டிக்கொண்டாள். நாலு மாதக் கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோச்சம்மா மறுபடி கூப்பிட்டு, இந்த வாரம் எதையும் தொடாதீர்கள், உடம்பு ஆறட்டும் என்றாள். அந்த ஒரு பேச்சை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டேன். அக்கறையால் இல்லை, வெறுத்துப்போய்.

மிஷின் வருவதற்கு முந்தின நாள் ஆபீஸ் அறைக்குப் போனேன். என் வீட்டுக்காரரும் அங்கே இருந்தார். அண்ணனிடம், புது ஆளையே போட்டுவிடுங்கள், எனக்கு முடியாது போலிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.  வந்தது அழுகைதான், வேறென்ன. அண்ணனும் சங்கடப்பட்டு, போகட்டும் விடு பாப்பா என்று எழுந்து வந்தார். அப்போதுதான் பீரோ திறந்தது.

"மச்சான், மிஷின் வரட்டும்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவ்வளவுதான். எழுந்து வெளியே போய்விட்டார். அவர் சபையில் பேசியதே அதிசயம் என்பதால் அதுவே முடிவாகிவிட்டது.

மறுநாள் லாரியில் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். இந்த ஒரு தடவையாவது கிடைத்ததே என்று வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். குறுகலான படிக்கட்டு, மூன்று மாடி, லிப்ட் கிடையாது. வாஷிங் மிஷின் முன்பக்கம் கதவு வைத்த ரகம். சுற்றும்போது குதிக்காமல் இருக்க அதற்குள்ளேயே ஒரு கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள். அதை ஏற்றிய எந்த ஆளும் அதை நல்ல வார்த்தையால் திட்டியதில்லை. படியில் ஏறும்போது மேல் முனைக்காரர் பின்பக்கமாக நடக்க வேண்டும், கீழ் முனைக்காரர்மேல்தான் பாரம் சாயும். என் வீட்டுக்காரர் கேட்காமலே கீழ் முனையைப் பிடித்துக்கொண்டார். நான் மேல் முனையைப் பிடித்தேன். அண்ணன் பின்னால் நின்றார்.

"ம்."

எழுந்துவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தயாராக இருந்ததற்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு படி, இன்னொரு படி என்று போய் முதல் திருப்பத்தில் வைத்தோம். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும், எனக்கு வந்ததோ கோபம். இந்த மனுஷன் என்மேல் இரக்கப்பட்டு மொத்தக் கனத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார் என்று புரிந்துவிட்டது.

"என் பாரத்தைத் திருடுறீங்களா?" என்றேன். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. ஒரு வீட்டுக் கதவு திறந்து மூடிக்கொண்டது.

அவர் இல்லை என்று தலையாட்டினார். அண்ணன் கீழே இருந்து என்ன சண்டை, என்ன சண்டை என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரரைத் தள்ளாத குறையாகத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கினேன்.

"நீங்க மேல போங்க. கீழ் முனையை எனக்குக் கொடுங்க."

அவர் கொடுத்துவிட்டார்.  இந்தத் தடவை "ம்" என்றதும் உண்மையான பாரம் என் கைக்கு வந்தது. கனம்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் எனக்குத் தெரிந்த கனம். கிடங்கு மூலையில் வாரக்கணக்கில் கட்டிப்பிடித்து மல்லுக்கட்டிய அதே கனம். வயிற்றில் மூச்சைக் கட்டினேன், காலால் படியை அழுத்தினேன், முதுகு நேராக நின்றது. மிஷினுக்கு மேலே அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. இரண்டாவது மாடி போயிற்று. மூன்றாவதில் தொடை நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். கதவைத் திறந்து வைத்திருந்த பெண், அந்த மூலையில் வைத்துவிடுங்கள் அக்கா என்றாள். வைத்தோம்.

நிமிர்ந்து பார்த்தேன். காலி அறை நிறைய, ஏற்கெனவே ஏற்றி வைத்த என் பெட்டிகள். என் கையெழுத்தில் 'கண்ணாடி, மெதுவாக' என்று எழுதியிருந்தது. அந்தப் பெண் ஒன்றைப் பிரித்து, நான் சுற்றிய டம்ளரைக் காகிதத்திலிருந்து எடுத்து, குழாயில் கழுவி, எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அதைக் குடித்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாது.

அப்படியும் சந்தேகம் போகவில்லை. அண்ணனைப் பிடித்து, உள்ளே இருக்கிற கான்கிரீட்டைக் கழற்றிவிட்டுத்தானே அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அவர் மிஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார், உடனே கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். 

கிடங்குக்குத் திரும்பியதும் அண்ணனை இழுத்துக்கொண்டு போய் என் பெட்டியைக் காட்டினேன். இதை ஐந்து தடவைக்கு மேல் தூக்க முடியாதவள் அதை எப்படி ஏற்றினேன், நீங்களே சொல்லுங்கள் என்றேன். அண்ணன் குனிந்து பெட்டியை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. என்ன பாப்பா இதுக்குள்ள என்று பிரித்தார். மேலே என் கசங்கிய காகிதம் ஒரே ஒரு அடுக்கு. அதை எடுத்தால் அடியிலிருந்து விளிம்புவரை புத்தகம். நடுவில் காகிதம் இருந்த இடமெல்லாம் புத்தகம். எறும்பு நுழைய இடமில்லை.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"ஆமா அண்ணி, நான்தான் அடைச்சேன். நீங்க காய்ச்சல்ல கிடந்தப்போ கிடங்கை ஒழுங்கு பண்ணினேன். புத்தகப் பெட்டியில போய் யாராவது காகிதத்தைத் திணிப்பாங்களா? பக்கத்துல அரைப் பெட்டி புத்தகம் சும்மா கிடந்துச்சு. பாத்ததும் எனக்கு மனசே ஆறல."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனாருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியவில்லை, அதனால் அவளும் சிரித்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினேன். கீழே இறக்கிவிடுங்கள் அண்ணி என்று கத்தினாள். நான் தோற்கவே இல்லை. தோற்றுவிட்டேன் என்று நான் அழுத நாளெல்லாம் என் கை இரண்டு மடங்கு பாரத்தைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. என் வீட்டுக்காரர் கம்பளத்தின்மேல் உட்கார்ந்து வழக்கம்போல டீ குடித்துக்கொண்டிருந்தார். எந்தப் பெட்டியையும் காலால் லேசாகத் தட்டியே கனம் சொல்கிறவர் அவர். தினமும் அந்த மூலையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ம்."

"ஏன் சொல்லல? என் இடுப்பு போயிருந்தா?"

"உன் முதுகைத்தான் பாத்துட்டே இருந்தேன். ஒரு தடவைகூட வளையல. வளைஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா நீ புத்தகத்த வெளிய எடுத்துருப்ப. எனக்கு ஜோடி வேணும்ல."

 கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை. நான் மட்டும்தான் ஜோடியாக ஆசைப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோச்சம்மாவிடம் போனில் சொன்னபோது முதலில் சிரித்தாள், அப்புறம் நன்றாகத் திட்டினாள். நியாயம்தான். பாதிப் புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டு, ஒழுங்காக வாரத்துக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்த்து வருகிறேன். பெட்டியின் நாலு பக்கமும் 'கண்ணாடி, திறக்காதே' என்று எழுதியிருக்கிறேன். நாத்தனார் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு தாண்டிப் போகிறாள்.

ஜோடியாகப் போன முதல் வேலை நாளில் ஒரு பெரிய மர அலமாரி. படிக்கட்டு வந்ததும் என் வீட்டுக்காரர் மேல் முனைக்குப் போய் நின்றுகொண்டார். கீழ் முனை எனக்காகக் காலியாக இருந்தது. பிடித்துக்கொண்டு அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

"ம்" என்றேன். அலமாரி எழுந்தது.